அது கிளிக்குஞ்சு அல்ல, வளர்ந்த கிளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் அண்மையில் வந்த ஒரு படத்தைப் பற்றியது இக்கடிதம். மலையடிவாரத் தோப்பொன்றில் தாயைப் பிரிந்த கிளிக்குஞ்சு கிடைத்ததாகவும், கண்டெடுத்தவர் அதைக் கூண்டில் வைத்துப் பால்சோறு ஊட்டிக் காப்பாற்றி வருவதாகவும் படத்தின் கீழே அச்சாகியிருந்தது. கண்டெடுத்தவரின் இரக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் படத்தில் இருப்பது குஞ்சு அல்ல. இரை தேடவும் இணை சேரவும் தெரிந்த, முழுதாக வளர்ந்த ஆண் பறவை. நம் மேற்குமலையின் மழைக்காட்டில் வாழும் தொங்கும் கிளி அது. வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கியபடி உறங்குவதால் அந்தப் பெயர். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் தத்தச்சின்னன் என்பார்கள். அறிவியல் பெயர் லோரிகுலஸ் வெர்னாலிஸ். நம் பக்கத்தில் இதற்குப் பரவலாக வழங்கும் பெயர் இல்லாததால்தான் பார்க்கிறவர்களெல்லாம் கிளிக்குஞ்சு என்கிறார்கள். அந்த ஒரு சொல்தான் இதைக் கூண்டுக்குள் தள்ளுகிறது. இதை அடையாளம் காணும் விதத்தைத் தங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல இடம் தர வேண்டுகிறோம்.

முதலில் அளவு. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை சுமார் 14 செ.மீ. சிட்டுக்குருவியின் நீளம்தான், ஆனால் உடல் அதைவிடத் திரண்டது. எடை 30 கிராம் அளவில் இருக்கும். தோப்பிலும் கோயில் கோபுரத்திலும் நாம் தினமும் பார்க்கும் பச்சைக்கிளி, அதாவது கழுத்தில் ஆரம் போட்ட பைங்கிளி, வாலோடு சேர்த்து 40 செ.மீ. வரும், எடை 100 கிராமுக்கு மேல். இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான் சிறியதைப் பெரியதன் குஞ்சு என்று எண்ணத் தோன்றுகிறது.

அந்த எண்ணம் தவறு என்பதற்குப் பறவை நூல் எதுவும் வேண்டாம், கிளி வளரும் முறையைத் தெரிந்துகொண்டால் போதும். பச்சைக்கிளியின் குஞ்சு மரப்பொந்துக்குள் கண் திறக்காமல், இறகில்லாமல் பிறக்கிறது. ஏறத்தாழ 7 வாரம் பொந்தைவிட்டு வெளியே வராது. வெளியே வரும்போது உடல் தாயின் அளவை எட்டியிருக்கும். வால் மட்டும் கொஞ்சம் குட்டையாக இருக்கும். சிட்டுக்குருவி அளவில் உள்ள பச்சைக்கிளிக் குஞ்சுக்கு உடம்பெல்லாம் முள்போன்ற முளையிறகுதான் இருக்கும், அதனால் பறக்கவே முடியாது. ஆகவே கையளவுகூட இல்லாத ஒரு கிளி மெழுகு பூசினாற்போல மூடிய இறகுடன் சுறுசுறுப்பாகக் கிளையில் ஏறி இறங்கினால், அது எந்தப் பெரிய கிளியின் குஞ்சாகவும் இருக்க முடியாது.

இனி இறகு. மேலிருந்து பார்த்தால் உடம்பு முழுக்கப் புல்பச்சை, வயிற்றுப் பக்கம் சற்று வெளிர்ந்த பச்சை. முதுகின் கடைசியில், வால் தொடங்கும் இடத்தில், குங்குமத்தைக் கொட்டினாற்போல ஆழ்ந்த சிவப்பு. வாலின் மேற்புறத்தை மூடும் சிற்றிறகுகளும் அதே சிவப்புத்தான். அவை நீளமானவை, வால் நுனியை ஏறக்குறைய எட்டிவிடும். வால் 4 செ.மீ. அளவுதான் என்பதால், பறந்து போகும்போது பின்னாலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு வாலே சிவப்பு என்று தோன்றும். உண்மையில் வால் பச்சை. அதன் அடிப்புறமும் சிறகின் அடிப்புறமும் நீலம் கலந்த பச்சை, மயிற்கழுத்தின் சாயலை ஒத்தது. அலகு பவளச் சிவப்பு. பச்சைக்கிளியின் அலகைவிட மெல்லியது, கொட்டையை உடைக்கும் தடிமன் அதற்கு இல்லை. வளர்ந்த பறவைக்குக் கண்மணியைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும்.

ஆணுக்குத் தொண்டையில் ஒரு நீலத் திட்டு உண்டு. பெண்ணுக்கு அது இராது, அல்லது மிக லேசாக இருக்கும். இளம்பறவைக்கும் நீலம் கிடையாது. அதன் பின்முதுகுச் சிவப்பில் பச்சை கலந்திருக்கும், கண் பழுப்பாக இருக்கும், அலகும் மங்கலாக இருக்கும். தாங்கள் வெளியிட்ட படத்தில் தொண்டை நீலம், கண் வெளிறல், அலகு நல்ல சிவப்பு. மூன்றும் சேர்ந்து வளர்ந்த ஆண் என்பதை ஐயமின்றிக் காட்டுகின்றன.

தொண்டை நீலத்தை வைத்து ஆண் பெண் சொல்வதில் ஒரு தடுமாற்றம் நேரும். கிளியின் நீலம் சாயத்தால் வரும் நிறம் அல்ல. இறகுத் தூவியின் உள்ளே நுண்துளைகள் நிறைந்த அடுக்கு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றும் நிறம். அதன்மேல் மஞ்சள் சாயம் சேர்ந்தால் பச்சை. மஞ்சள் இல்லாத இடம் நீலம். ஒளி நேராக விழாவிட்டால் நீலம் அமுங்கிக் கறுப்பாகிவிடும். மழைக்காட்டின் மேலடுக்கில், அதுவும் சாரல் நேரத்தில், கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு ஆணும் பெண்ணாகத்தான் தெரியும். ஆதலால் வானத்தைப் பின்புலமாகக் கொண்டு பார்த்த பறவையைப் பெண் என்று குறிப்பேட்டில் எழுதிவிடக் கூடாது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று பார்த்தது மட்டுமே கணக்கு. காலை 7 முதல் 9 மணி வரை மேற்குச் சரிவை நோக்கி நின்றால் இது எளிதாகக் கிட்டும்.

சிவப்பிலும் இதே போன்ற ஏமாற்றம் உண்டு. மடக்கிய சிறகு பின்முதுகை மறைத்துவிடும். கீழிருந்து பார்ப்பவருக்கு வயிறும் வாலின் அடியும்தான் தெரியும். "சிவப்பைக் காணவில்லை, அதனால் வேறு பறவை" என்ற முடிவுக்கு வந்துவிடாமல், அது ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் சிவப்பு பளிச்சிடும். நம் மலையில் மேல்பக்கமாக நின்று பார்க்க வாய்ப்பான இடம் ஊசிமுனைத் திருப்பங்கள்தான். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் சாலையில் பள்ளத்து மரங்களின் உச்சி நம் கண்மட்டத்துக்கு வரும். அங்கே நின்று கீழே பார்ப்பது, காட்டுக்குள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பதைவிடப் பத்து மடங்கு பயன் தரும். சோதனைச்சாவடியில் அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

கீழே விழுந்து கிடக்கும் ஓர் இறகை வைத்தே சொல்ல முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் முடியும். இதன் சிறகு இறகில் மிக நீண்டதே 7 செ.மீ. அளவில் நின்றுவிடும்; பச்சைக்கிளியின் சிறகு இறகு 12 செ.மீ. தாண்டும். இறகின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நீலப்பச்சை தெரிய வேண்டும். அதே அளவுள்ள, குக்குறுவான் என்ற இன்னொரு பச்சைப் பறவையின் இறகின் அடிப்பக்கம் மங்கலாகச் சாம்பல் பூத்திருக்கும். இறகை வெயிலுக்கு எதிரே பிடித்து ஊடுருவிப் பார்க்கவும் வேண்டாம். அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன காரணத்தால் நீலமும் பச்சையும் மறைந்து பழுப்பு மட்டுமே மிஞ்சும். வெளிச்சம் இறகின்மேல் விழும்படி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதே முறை. நனைந்திருந்தால் உலரும்வரை எந்த முடிவுக்கும் வரக் கூடாது. முழுச் சிவப்பான சிறு இறகு கிடைத்தால் அது வாலின் மேற்புறத்தை மூடும் சிற்றிறகாக இருக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்துச் சொல்வது துணிச்சல். பக்கத்தில் அளவுகோலோ ஒரு ரூபாய் நாணயமோ வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, இறகை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். புலிகள் காப்பகத்திலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது.

இதோடு மயங்கக்கூடிய பறவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூவில் தேன் குடிக்கும் பச்சைச்சிட்டுத்தான் பலரையும் ஏமாற்றுகிறது. உடம்பு பச்சை, தொண்டையில் நீலம், கல்யாண முருங்கைப் பூவில் தலைகீழாகத் தொங்கும் பழக்கம் என எல்லாம் பொருந்தும். ஆனால் அதன் அலகு கறுத்து மெலிந்து ஊசிபோல நீண்டது. நீலத்தைச் சுற்றிக் கறுப்பு இருக்கும். பொன்னெற்றிப் பச்சைச்சிட்டாக இருந்தால் நெற்றியில் ஆரஞ்சு. வாலும் குட்டை அல்ல. அலகைப் பார்த்துவிட்டால் குழப்பமே இல்லை. அடுத்து மலபார் குக்குறுவான். பச்சை உடல், முகத்திலும் தொண்டையிலும் சிவப்பு, 17 செ.மீ. நீளம், அத்திப்பழ மரத்தில் இதோடு சேர்ந்தே இரை எடுக்கும். சிவப்பு எந்தப் பக்கம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தில் இருந்தால் குக்குறுவான், பின்முதுகில் இருந்தால் கிளி. பஞ்சுருட்டான் என்ற பச்சைப் பறவையைச் சொல்லவே வேண்டாம், அதைப்போல மின்கம்பியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் தொங்கும் கிளியை யாரும் பார்த்திருக்க முடியாது.

ஊரில் வளர்க்கும் ஆப்பிரிக்கக் காதல்பறவை தப்பித்து வெளியே வந்துவிட்டால் குழப்பம் கூடும். அதுவும் பச்சை, அதுவும் 15 செ.மீ., அதற்கும் குட்டை வால், சில வகைக்குச் சிவந்த அலகும்கூட. அதன் முகமும் நெற்றியும் ஆரஞ்சாகவோ ரோஜா நிறமாகவோ இருக்கும். பின்முதுகு நீலமாக இருக்கும், சிவப்பாக இராது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். கடையில் காதல்பறவை விற்பவருக்குத் தடை இல்லை என்பதால், காட்டுக்கிளியைக்கூட "லவ் பேர்ட்ஸ்" என்று சொல்லி விற்கும் ஆபத்து இருக்கிறது. வாங்குபவர் பின்முதுகைப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் எடுத்த படங்களும் தமிழ் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. அங்கே வாழ்வது வேறு இனம், உச்சந்தலை சிவந்தது, பின்கழுத்தில் ஆரஞ்சு ஏறியது. இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்துப் பழகியவர் நம் மலைக்கு வந்து, தலையில் சிவப்பில்லையே, இது பெண்ணோ குஞ்சோ என்று குழம்புகிறார். நம் பறவைக்கு ஆணானாலும் பெண்ணானாலும் தலை பச்சைதான்.

கிளி என்றதும் நம் மனத்தில் எழுவது நீண்ட வாலும் கழுத்து ஆரமும்தான். தினைப்புனத்துப் பரணில் தட்டை, குளிர் என்ற கிளியோட்டும் கருவிகளும் கவணும் வைத்துக் குறமகள் விரட்டியதாகப் பழம்பாட்டு சொல்வதும் தானியம் தின்னும் அந்த நீள்வால் கிளிகளைத்தான். தொங்கும் கிளிக்குத் தினையும் வேண்டாம், சோளமும் வேண்டாம். பூந்தேன், மென்பழம், மொட்டு, சிறுவிதை, இவைதான் அதன் உணவு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் அதன் நடத்தை முழுவதும் விளங்கிவிடும்.

தேன் இருப்பது கிளை நுனியில், பூவின் அடியில். அங்கே நேராக உட்கார முடியாது. அதனால் விரல்களால் காம்பைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கித் தேனை எடுக்கிறது. கிளிகளுக்கெல்லாம் இரண்டு விரல் முன்னும் இரண்டு பின்னுமாக இருப்பது இதற்கு வசதி. நடப்பது குறைவு. அலகை மூன்றாவது காலாக ஊன்றி இலைக்கொத்துக்குள் ஊர்ந்து போகும். ஒரு மரத்தில் இருபது நிமிடம் இருந்தாலும் கிளை அசைவதைத் தவிர எதுவும் தெரியாது. பச்சை இலைக்குள் பச்சைப் பறவையைத் தேடுவதைவிடச் செந்நிறப் பூவையே கவனிப்பது மேல். பூ உதிராத நேரத்திலும் கல்யாண முருங்கையிலிருந்து இதழ்கள் விழுந்துகொண்டே இருந்தால் மேலே யாரோ மேய்கிறார்கள் என்று பொருள். அது அணிலாகவும் இருக்கலாம், பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பறக்கும்போதுதான் இதை மிகச் சுலபமாகக் கண்டுகொள்ளலாம். புளியங்குடிச் சந்தை எலுமிச்சைக்குச் சிறகு முளைத்தாற்போல ஒரு பச்சை உருண்டை விர்ரென்று போகும். சிறகை வேகமாக அடிக்கும், ஒரு கணம் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சற்றுத் தாழும், மறுபடி அடிக்கும். அதனால் பாதை அலைபோல ஏறி இறங்கும். பச்சைக்கிளிக் கூட்டம் நேர்கோட்டில், வால் பின்னே அம்பாக நீள, கீச்சென்று கத்திக்கொண்டு போவதோடு ஒப்பிட்டால் தூரத்திலிருந்தே பிரித்துவிடலாம். குரல் மெலிந்து கூர்மையானது. "ட்சீ-சீ-சீ" என்று மும்மூன்றாக, பறந்துகொண்டே கொடுக்கும். பத்துத் தடவையில் எட்டுத் தடவை இந்தக் குரல்தான் முதலில் எட்டும். பெரும்பாலும் தனியாகவோ இணையாகவோ திரியும். பூத்த மரத்தில் மட்டும் சிறு கூட்டமாகச் சேரும்.

அந்திக்குப் பிறகு உறக்கம். இலை நிறைந்த சிறு கிளையில் காலால் பற்றித் தலைகீழாகத் தொங்கிக்கொள்ளும். பச்சை முதுகு வெளியே தெரிய, காற்றில் இலையோடு இலையாக ஆடும். எந்தப் பாம்பும் ஆந்தையும் எளிதில் கண்டுபிடிக்க முடியாத மறைப்பு அது. ஆனால் மனிதர் கண்ணில் பட்டுவிட்டால் ஆபத்து. காற்றாடி நூலில் சிக்கிவிட்டது, செத்துத் தொங்குகிறது, மயங்கிவிட்டது என்று நினைத்துக் கம்பால் தட்டிவிடுகிறார்கள் அல்லது கையால் பறித்துவிடுகிறார்கள். இருட்டில் எழுப்பிய பறவை திக்குத் தெரியாமல் பறந்து சுவரில் மோதும். நூல் எதுவும் தெரியவில்லை, இரண்டு காலும் கிளையைப் பற்றியிருக்கின்றன, சிறகு ஒழுங்காக மடங்கியிருக்கிறது என்றால் அது உறங்குகிறது. விட்டுவிட வேண்டும்.

கூடு கட்டும் வழக்கம் இன்னும் வியப்பானது. கிளிகளில் பெரும்பாலானவை பொந்துக்குள் கிடக்கும் மரத்தூளின்மேலேயே முட்டையிடும். தொங்கும் கிளியின் பெண் அப்படி இல்லை. இலையை அலகால் நீளவாக்கில் நறுக்கி, அந்தக் கீற்றுகளைப் பின்முதுகின் சிவப்பு இறகுக்குள் செருகிக்கொண்டு பொந்துக்குப் பறக்கிறது. ஒரு நடைக்குப் பல கீற்று. வழியில் சில உதிர்ந்தும் போகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை முதுகில் இலைக்கீற்று நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பச்சைப் பறவையைக் கண்டால், அது பெண், அருகில் பொந்து இருக்கிறது என்று இரண்டையும் ஒரே நேரத்தில் அறிந்துகொள்ளலாம். காதல்பறவை ஒன்றுக்கும் இதே பழக்கம் உண்டு என்பதால் ஊருக்குள் பார்த்தால் மட்டும் நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். பட்டுப்போன மரத்தின் குறுகலான பொந்துதான் இதற்குப் பிடிக்கும். "காய்ந்த மரம்தானே" என்று எஸ்டேட் ஓரத்திலும் தோப்பிலும் வெட்டிவிடும் முன் மாசி, பங்குனி கழியும்வரை பொறுத்தால் நல்லது. பொந்தின் எதிரே நின்று படம் எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பறவை பொந்தை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் பக்கத்துக் கிளையில் தயங்கி நின்றால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள். உடனே பின்வாங்குங்கள்.

எங்கே, எப்போது என்றால், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்கள் எல்லாமே இதன் எல்லைக்குள் வரும். 1988-இல் களக்காடு, முண்டந்துறை என்ற இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து உருவானது அந்தக் காப்பகம். கோதையாறு, கக்காச்சி, நாலுமுக்கு, செங்கல்தேரி போன்ற ஈரக்காடுகளே இதன் வீடு. பூவும் பழமும் எங்கே இருக்கிறதோ அங்கே இடம்பெயரும் பறவை ஆகையால் இலவும் கல்யாண முருங்கையும் பூக்கும் தை, மாசியில் பாபநாசம், திருக்குறுங்குடி, குற்றாலம் அடிவாரத் தோப்புகளிலும் இறங்கிவிடும். தேயிலைத் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக் பூத்தால் அங்கும் வரும். பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் அடிவார ஊர்க்காரர்கள் கலந்துகொண்டால் இதைப் பதிவு செய்ய நல்ல தருணம் அது. ஆனால் கிழக்கே போகப் போக, தேரிக்காட்டுப் பனைமரங்களில் இதைத் தேட வேண்டாம். பனைப்பொந்தில் எட்டிப் பார்ப்பது பச்சைக்கிளிதான்.

கள் குடிக்கும் கிளி என்று இதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கதை அல்ல, உண்மைதான். தென்னங்கள் இறக்கும் பகுதிகளில் பாளையில் கட்டிய கலயத்தில் வாய்வைத்து, மயங்கிக் கிடக்கும் இதைப் பறவையியலார் பதிவு செய்திருக்கிறார்கள். இனிப்புச் சாறு தேடிப் போகும் பறவைக்குப் புளித்ததா இல்லையா என்ற வேறுபாடு தெரியாது.

இப்போது நெருக்கடியான விஷயத்துக்கு வருகிறோம். சன்னல் கண்ணாடியில் மோதி விழுந்ததோ, பூனை கவ்வியதோ, காற்றில் கூட்டிலிருந்து தவறியதோ, கையில் கிடைத்துவிட்டால் என்ன செய்வது? ஒரு அட்டைப்பெட்டி எடுத்துப் பக்கவாட்டில் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, அடியில் பருத்தித் துணி விரிக்கவும். பென்சில் தடிமனுள்ள ஒரு குச்சியை மேலே குறுக்காகச் செருகவும். இதை மட்டும் மறக்கக் கூடாது, ஏனெனில் தரையில் உட்காரவைத்த தொங்கும் கிளி பதறிக்கொண்டே இருக்கும். பிடித்துத் தொங்க ஒன்று இருந்தால் அடங்கிவிடும். பெட்டியை மூடி, சத்தமில்லாத நிழலில் ஒரு மணி நேரம் வைக்கவும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அவ்வளவு சிறிய தொண்டையில் ஊற்றிய நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கையால் பிடிக்கும்போதும் நெஞ்சை அமுக்கக் கூடாது. பறவை நெஞ்சை விரித்துத்தான் மூச்சுவிடுகிறது, இறுகப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும்.

ஒரு மணி நேரம் கழித்து, வெளிச்சம் இருக்கும்போதே, கிடைத்த இடத்துக்கே பெட்டியைக் கொண்டுபோய்த் திறந்துவிட்டால் பெரும்பாலும் பறந்துவிடும். சிறகு ஒருபக்கம் தொங்கினாலோ, இரத்தம் தெரிந்தாலோ, பூனை கவ்வியது என்று தெரிந்தாலோ, நேராக வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். பூனைப் பல் பட்ட காயம் வெளியே கடுகளவு தெரிந்தாலும் உள்ளே சீழ் வைத்து ஓரிரு நாளில் கொன்றுவிடும். வனத்துறையினர் வர நேரமானால் கனிந்த வாழைப்பழத்தையோ கொய்யாவையோ பப்பாளியையோ ஒரு சிறு துண்டு குச்சியில் குத்தி, தொங்கியபடி எட்டும் உயரத்தில் வைக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டை மாற்ற வேண்டும். நம் வெயிலில் பழம் விரைவில் புளிக்கும், புளித்த பழம் வயிற்றைக் கெடுக்கும்.

பால்சோறு கொடுக்கவே கூடாது. பாலைச் செரிக்கும் தன்மை பறவைக்கு இல்லை. சூரியகாந்தி விதை, நெல், கடலை, மிளகாய்ப்பழம் என்று பச்சைக்கிளிக்குக் கொடுப்பதையெல்லாம் இதன் முன் வைத்தால், தின்ன முடியாமல் வைத்ததற்கு நடுவிலேயே பட்டினி கிடக்கும். தேனும் சாறுமாக உண்பது உடனுக்குடன் செரித்துவிடுவதால் சில மணி நேரம் இரை இல்லாவிட்டாலே தளர்ந்துவிடும். கூண்டுக்காரர் இதைப் பார்த்து "குஞ்சு இன்னும் தின்னப் பழகவில்லை" என்று எண்ணி மேலும் ஊட்டுவார். இரண்டு மூன்று நாளில் கூண்டின் அடியில் கிடக்கும். தங்கள் பதிப்பில் வந்த படத்தைக் கண்டு மனம் பதறியதற்குக் காரணம் இதுதான்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் காட்டுக்கிளி எதையும் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். பச்சைக்கிளிக்கும் இது பொருந்தும், தொங்கும் கிளிக்கும் பொருந்தும். அறியாமல் எடுத்துவைத்தவர் தாமாகவே வனத்துறையிடம் ஒப்படைப்பதே நல்லது. அவரைக் குற்றவாளியாகக் காட்டும் தொனியில் அடுத்த செய்தி வந்துவிடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறோம். அப்படி ஒன்று வந்தால் அடுத்து இப்படிப் பறவை கிடைப்பவர் பயந்து வெளியே சொல்லாமல் மறைத்துவிடுவார்.

தங்களிடம் கேட்பது இரண்டு. அந்தப் படத்துக்கான திருத்தத்தை, படத்தை மறுபடி சிறிதாகவேனும் போட்டு, "தொங்கும் கிளி, வளர்ந்த ஆண்" என்ற பெயரோடு வெளியிட வேண்டும். அடுத்து, அடிவார ஊர்களில் உள்ள தங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு குறிப்பு: சின்னக் கிளி எதையாவது படம் எடுக்க நேர்ந்தால் முன்பக்கம் ஒன்று, பின்முதுகு தெரிய ஒன்று, பக்கத்தில் தீப்பெட்டி வைத்து ஒன்று என மூன்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பறவையைக் கையில் பிடிக்காமல், பெட்டிக்குள் இருக்கும்போதே எடுக்கலாம். பின்முதுகுப் படம் ஒன்று இருந்தாலே பெயர் தவறாது.

இப்படிக்கு,
பறவை நோக்குவோர் சிலர்,
அம்பாசமுத்திரம்